ஆள் எடுத்த நாள்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வராது சார். நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

எங்கள் கம்பெனிக்கு இரண்டு வயது. முதலாளிக்கு இருபத்தாறு. ஆறு மாதத்தில் நாற்பது பேர் நூற்றைம்பது பேராக வேண்டும் என்றார். அதற்கு முதலில் ஆள் எடுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்தக் குழுவைக் கட்டுவது என் பொறுப்பு. ஐந்து பேரைச் சேர்த்தேன். நான்கு பேர் சுமார். ஐந்தாவது அவள்.

ஆபீசில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். பயோடேட்டாவில் எந்த வரி பொய் என்று இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவாள். ஒருவனிடம், “பத்துப் பேரை மேய்ச்சேன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, அதுல யாரு லீவு கேட்டா உங்களுக்கு வயித்தைக் கலக்கும்?” என்றாள். பேந்தப் பேந்த விழித்தான். மேய்த்திருந்தால் சட்டென்று ஒரு பெயர் வந்திருக்கும்.

அப்படிப்பட்டவள் விலகப்போவதாகச் சொன்னாள். மூன்று மணி நேரப் பயணத்தில் ஊர். அப்பா அங்கே தனியாக இருந்தார்.

“அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா அண்ணா?”

“எனக்கு மட்டும் யாரும்மா இருக்கா, இந்த நாலு சோம்பேறிங்களைத் தவிர?”

சிரித்துவிட்டு, மாதக் கடைசிவரை இருக்கிறேன் என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

இருபதாம் தேதி பெரிய நேர்காணல். அன்றைக்குக் குழுவில் எல்லோருடைய போனும் என் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். நான் போட்ட விதி. பத்து மணியிலிருந்து அவள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்து நாற்பதுக்கு ஆபீஸ் எண்ணுக்கே அழைப்பு வந்தது. அவள் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர்.

“குளியலறையில விழுந்துட்டார் சார். தலைக்குள்ள ரத்தக் கசிவாம். உடனே ஆபரேஷன் பண்ணா பொழைச்சுக்குவாராம். பொண்ணு போன்லயாவது சம்மதம் சொல்லணும்னு டாக்டர் நிக்கறார்.”

“சொல்லிடறேன்” என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் இருந்தாள். நான் வராந்தாவில் நாலு தடவை நடந்தேன். பிழைத்தால் அவர் ஒரு வருடமாவது படுக்கையில் கிடப்பார், அவள் போய்விடுவாள். பிழைக்காவிட்டால் அவளுக்கு ஊரில் வேலை இல்லை. யோசித்துத்தான் செய்தேன் சார், மறதி என்று எழுதாதீர்கள். ஆபீஸ் போனின் வயரைப் பிடுங்கிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பினேன்.

இரண்டரைக்கு அவர் இறந்தார். ஐந்து மணிக்குப் போனை வாங்கிப் பார்த்தவள் பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். என் காரில்தான் கூட்டிப்போனேன். எல்லாம் முடியும்வரை கூடவே நின்றேன். சொந்த அண்ணன் இருந்தால் அதைத்தானே செய்திருப்பான்?

அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் ஆபீசில் யாரோ போனை எடுத்துப் பேசினார்கள் என்று தெரிந்ததிலிருந்து தூக்கமில்லை. நான் அப்போது மாடியில் இருந்ததாகச் சொன்னேன், நம்பினாள். அது யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லி அவள் ஸ்டேஷனில் கொடுத்த இந்தப் புகாரை எழுதித் தந்ததே நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் என் குரலை அடையாளம் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லையே.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று மணிக்கு லேப்டாப்பில் அவள் ஒருவரை நேர்காணல் செய்ய வேண்டும். நல்ல ஆள், நழுவவிடக் கூடாது. அது முடிந்த பிறகு சொல்லுங்கள்.