பத்தொன்பதாம் தேதி, காலை ஏழு மணி

வேறொருவர் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நீங்கள் சாப்பிட்டதுண்டா? நான் மூன்று வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். பழகிவிட்டால் தனியாகச் சாப்பிடுகிற நினைப்பே வராது.

என் வேலை கேட்பது. மூன்றாவது மாடியில், ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் நிறத் தாள் ஒட்டிய அறை. நாற்பது நாற்காலி, நாற்பது ஹெட்போன். எதிரி நாட்டுக்காரர்களின் போனைக் கேட்க எட்டுப் பேர். நட்பு நாட்டுக்காரர்களின் போனையும், அவர்களோடு பழகும் நம் ஜனங்களின் போனையும் கேட்க முப்பத்திரண்டு பேர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. சேர்ந்த புதிதில் சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"எதிரி என்ன நினைக்கிறான்னு பேப்பர்லயே வந்துடுதுய்யா. கூட உக்காந்து காபி குடிக்கிறவன் என்ன நினைக்கிறான்னுதான் தெரிய மாட்டேங்குது," என்றார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கம். வீட்டில் சாவு என்று லீவு கேட்டால்கூட "சுருக்கமா சொல்லு" என்பார். அறையின் சட்டமும் அதுதான். ஒரு பேச்சு ஒரு மணி நேரம் ஓடினாலும் பதினைந்து சொல்லுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. தொண்ணூறு நாளைக்கு ஓர் எண்ணிலிருந்து உருப்படியாக எதுவும் வரவில்லையென்றால், அந்த எண் காய்ந்துவிட்டது என்று கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

என்னிடம் இருந்தது ஒரு தம்பியின் எண். நட்பு நாட்டின் தூதருக்கு அவன் கார் ஓட்டினான். அவனுடைய அக்கா இதே ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தாள். இரண்டு பேரும் என் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், என் மொழிக்காரர்கள். அந்த அறையில் அந்த மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் எழுதுவதைச் சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஒரு மணி அடித்ததும் அக்கா போன் செய்வாள்.

"டேய் மொட்டை, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். நீ போன் பண்ணாம இருந்தா இன்னும் ரெண்டு வாய் உள்ள போகும்."

"மெதுவா தின்னு, யாரும் பிடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க. காலைல பல்லு விளக்கினியா?"

"நாப்பது வயசு ஆகப் போகுதுக்கா எனக்கு."

"நாப்பது வயசுக்காரங்க வாயைத்தான் தினம் பாக்கறேன். அதனாலதான் கேக்கறேன்."

நான் என் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பேன். எனக்கு அக்கா கிடையாது. இந்த ஊரில் என் மொழியில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் விவரம் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

தம்பிக்கு வாய் நிற்காது. தூதர் இன்றைக்கு யார் வீட்டுக்குப் போனார், எத்தனை மணி நேரம் வெளியே காரில் காய்ந்துகொண்டு கிடந்தேன் என்றெல்லாம் அக்காவிடம் புலம்புவான். நான் எழுதுவேன். அந்தப் புலம்பலால்தான் எண் உயிரோடு இருந்தது. பிறகு தூதரகத்தில் டிரைவர்களைக் கூப்பிட்டு, வெளியில் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தூதர் பேச்சே எடுக்கவில்லை. எனக்குத் தொண்ணூறு நாள் கணக்கு ஓட ஆரம்பித்தது.

அதே சமயத்தில்தான் அக்காவின் கண் மோசமானது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணிலும் மங்கல். கருவி எடுத்துக் கொடுக்கும்போது டாக்டர் கையைத் தவறவிட்டேன் என்று ஒருநாள் அழுதாள். ஆபரேஷன் செய்தால் மிச்சப் பார்வை நிலைக்கலாம், தப்பிப்போனால் அதுவும் போய்விடும். சம்மதிக்கச் சொல்லி இரண்டு மாதம் தம்பி கெஞ்சினான், திட்டினான், பேசாமல்கூட இருந்து பார்த்தான்.

எண்பத்து நான்காம் நாள் சுருக்கம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் டிரைவர் காஞ்சுட்டான் போலிருக்கே."

"இன்னும் ஆறு நாள் இருக்கு சார்."

"ஆறு நாள்ல என்னப்பா முளைக்கப் போகுது? அடுத்த வாரம் வேற எண் தரேன்."

அன்று ஒரு மணிக்கு அக்கா சம்மதித்தாள்.

"பத்தொம்பதாம் தேதி குடுத்திருக்காங்கடா. காலைல ஏழு மணிக்குக் கண் ஆஸ்பத்திரில இருக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாத. சித்தி காதுல விழுந்தா, ஊரையே கூட்டிட்டு வந்து வாசல்ல உக்காந்துடும்."

"சொல்லலை. வண்டிய நான் பாத்துக்கறேன்."

"தூதர் வண்டியிலயா? வேலை போயிடும்டா."

"வாடகை வண்டி, தாயே. முடியலைன்னா நான் நேரா அங்க வந்துடறேன். வெளியிலயே உக்காந்திருப்பேன், போதுமா?"

"தூங்கிடாத."

பத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம். ஆறு நாளில் எண் போய்விடும். அந்தக் கண் என்ன ஆனது என்று தெரியாமலே நான் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், மூன்று வருடம் கூடவே இருந்தவனுக்கு அது நியாயமா?

நான் எழுதியது இதுதான்: "பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணி. யாரிடமும் சொல்லக் கூடாது. வண்டியைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தம்பி சொல்கிறான்."

எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று சொல். அதில் பொய் ஒன்றுகூட இல்லை. இன்னும் இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது. கண் ஆஸ்பத்திரி என்பது இரண்டு சொல்.

எண்ணை இன்னும் தொண்ணூறு நாள் நீட்டித்தார்கள். நான் கேட்டது அவ்வளவுதான். பத்தொன்பதாம் தேதி காலை நட்பு நாட்டு அமைச்சர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் இங்கே வந்து இறங்கப் போகிறார் என்பதை எங்கள் மாடிக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்திருந்தால் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

பதினெட்டாம் தேதி ஒரு மணிக்கு அக்கா போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. ஒன்றரைக்குச் செய்தாள். இரண்டு மணிக்கு அந்த போன் அணைக்கப்பட்டிருந்தது. அன்று நான் டப்பாவைத் திறக்கவில்லை.

நான்கு மணிக்குச் சுருக்கம் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்குத் தெரியாத ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் தம்பியின் அடையாள அட்டை. அவன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மொட்டை இல்லை. அடர்த்தியான முடி, ஒழுங்காக வகிடு எடுத்திருந்தான்.

"உன் டிரைவர், நாளைக்கு அக்காவுக்குக் கண் ஆபரேஷன், அதைத்தான் பேசினோம்ங்கறான். விசாரிச்சோம், ஆபரேஷன் இருக்கறது நிஜம்தான். ஆனா போன்ல அதைப் பேசலைன்னா இந்த ஏழு மணி வேற ஏழு மணி. அந்தப் பேச்சுல ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

அந்தப் புதியவர் என்னையே பார்த்தார்.

ஆமாம் என்றால் அவன் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பான். ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்டிருப்பார்கள். என்னை அனுப்பிவிட்டால் அந்த எண்ணைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அக்கா எதைச் சொல்லி அழுதாலும் இந்த ஊரில் ஒரு காதுக்கும் புரியாது. அதை யோசித்தேன்.

"இல்லை சார்."

"யோசிச்சுச் சொல்லுப்பா. நீ சொல்றதுலதான் இருக்கு."

"ஒரு வார்த்தைகூட இல்லை."

"சரி, போ," என்றார். அவரைவிடச் சுருக்கமாக நான் பேசியது அன்று ஒருநாள்தான்.

அவன் எங்கே என்று என்னைக் கேட்கிறீர்கள். விசாரணை இருப்பதால் எண்ணை நிறுத்தவில்லை, ஆனால் பத்து மாதமாக அதில் அவன் குரல் இல்லை. எனக்குத் தெரிய வேறு வழியும் இல்லை.

நாற்காலிக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டினேன். அக்கா அவன் போனில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாள். "டேய், ஏன்டா ஆஃப் பண்ணி வெச்சிருக்க? தூதர் கூட எங்கயாவது தூரமா போயிட்டியா? நாளைக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. கூட வந்த ஆள் கையெழுத்துப் போட்டாத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம். எனக்குப் பயமா இருக்கு மொட்டை."

அவளை அந்த நிலையில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. சுருக்கத்திடம் ஒருநாள் லீவு சொன்னேன். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸிடம் பேசிய குரலை வைத்து அக்காவை அடையாளம் கண்டு, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழரைக்குச் சொட்டு மருந்து போட உள்ளே கூட்டிப்போனார்கள். நர்ஸ் ஒரு தாளோடு வெளியே வந்து, அவளோடு வந்தவர் யார், என்ன உறவு என்று கேட்டாள். நான் அந்தத் தாளை வாங்கி, தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.