எருமைக்கு வழிவிட்ட பத்மநாபன்

தலைமையோடு என் பேச்சையும் தாங்கப்போகும் ரோஹிணி அம்மையார் அவர்களே, பூனாவின் கோர்படிப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு குழுமியிருக்கும் கோமான்களே, மாத்திரையை மறந்தாலும் மைசூர்பாகை மறக்காத மூத்தோரே, அந்த மூத்தோரை முறைத்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இந்த நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் சர்க்கரையும் சாலையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்க்கரை என்னிடம் உண்டு. சாலை பூனாவில் எங்கே உண்டு?

என் நண்பர் பத்மநாபன், இதோ முன்வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான், இருபது ஆண்டுகளாக இந்நகரில் கார் ஓட்டுகிறார். பஸ்ஸுக்கு வழிவிட்டாரா? இல்லை. ஆட்டோவுக்கு? இல்லை. ஸ்கூட்டரில் வந்த மாமனாருக்காவது? என்ன சொல்கிறார்? "அவர் வந்ததே ராங் சைடு" என்கிறார்.

போன மாதம் கடக்வாஸ்லா அணைக்குப் புறப்பட்டோம். அங்கே சுடச்சுடக் கடலைமாவுப் பிட்லாவும், தொட்டுத் தின்னச் சோள ரொட்டி பாக்ரியும் கிடைக்கும். அதற்கு வயிற்றில் இடம் வேண்டுமே என்று, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டுக்கொண்ட மனிதர் இட்லியை ஒதுக்கிவிட்டார். பாக்ரி வரும்வரை பொறு என்றால் ஊசி பொறுக்குமா?

பாதி வழியில் அதிசயம். ஆட்டோவுக்கு வழிவிட்டார். தண்ணீர் லாரிக்கு வழிவிட்டார். எருமைக்கும் வழிவிட்டு, "நீங்க போங்க" என்று கைகாட்டினார். பின்சீட்டிலிருந்த நான், மைக் கண்ட இடமெல்லாம் மயங்குகிறவன், மைக் இல்லாமலே "பண்பின் சிகரமே, பாதசாரிகளின் பாதுகாவலனே" என்று தொடங்கிவிட்டேன்.

அவர் மனைவி சரசா திரும்பிப் பார்த்தார். "புகழாதீங்கண்ணா. இவரு யாருக்கும் வழிவிடுற ஆளா? சுகர் இறங்கிடுச்சு. ஏங்க, ஓரமா நிறுத்துங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"எருமையை நீங்கங்கிறீங்க. என்னை ஒருநாளாவது நீங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களா? நிறுத்துங்க."

நிறுத்தினார். சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது. விரலைக் குத்திச் சோதித்தால் சர்க்கரை ஐம்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. எதிரே ஒரு பெண் குழந்தையோடு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். இங்கே மட்டும் நான் சிரிக்க மாட்டேன்.

சரசா சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார். தெம்பு வந்ததும் நண்பர், "சாவியைக் குடுடி" என்றார்.

"இப்பத்தான் நீங்க நீங்களாயிருக்கீங்க. ஆனாலும் சாவி கிடையாது."

பிஸ்கட் தின்னவைத்து, மறுபடி சோதித்து, சர்க்கரை சரியான பிறகும் முக்கால் மணி நேரம் உட்காரவைத்துத்தான் சாவியைத் தந்தார்.

பெருமக்களே, சாவியைத் தொடுமுன் சர்க்கரையைப் பாருங்கள். ஊசி போட்டால் உண்ணுங்கள், உண்ணாவிட்டால் ஓட்டாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் வையுங்கள். உடல் நடுங்கினால் ஓரங்கட்டுங்கள். வீரத்தைச் சாலையில் காட்டாதீர்கள். வீட்டிலும் வேண்டாம், அங்கே செல்லாது.

நேற்று கேம்ப் பகுதிக் கடைத்தெருவில் காரில் வந்த ஓர் இளைஞர் பத்மநாபனுக்கு வழிவிட்டார். இவர் பதறி இறங்கிப்போய், கண்ணாடியைத் தட்டி, சாப்பிட்டாயா தம்பி என்று தமிழ் மணக்கும் மராத்தியில் விசாரித்து, கையில் பிஸ்கட்டைத் திணித்தார். பின்னால் கேம்ப் முழுக்க ஹாரன் அடித்தது.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வாசலில் எனக்கு யாராவது வழிவிட்டால், பிஸ்கட்டோடு வருவேன். வணக்கம்.