ஹேதி வீட்டு டிஎன்எஸ்

ஹேதி: ...இன்னிக்கும் அதே கதைதான் மாப்ள. பேரை அடிச்சா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது.

மப்ரூக்: போன ஞாயித்துக்கிழமை நான் கிளம்பும்போது ஓடிச்சே மச்சான்.

ஹேதி: ஓடிச்சு. அப்புறம் நின்னுடுச்சு. டீ ஆறுது பாரு, குடி.

மப்ரூக்: ஒரு மாசமா இந்த டிஎன்எஸ்ஸோட மாரடிக்கிறேன். வீட்டுல இருக்கறதே ஒரு பிரிண்டர், ஒரு டிவி, அக்கா கம்ப்யூட்டர். அதுங்க நம்பரையே ஞாபகம் வச்சுக்கக் கூடாதா?

ஹேதி: எனக்குச் சரி. உங்க அக்காவுக்கு நம்பர் மண்டையில நிக்காது. பேரை அடிச்சா நம்பரை அதுவே தேடிக்கும்னு நீதானே சொன்ன? நஸீஹா பிரான்ஸ்ல லியோன்லேர்ந்து வந்து உட்கார்ந்தா...

மப்ரூக்: ம்...

ஹேதி: என்ன ம்?

மப்ரூக்: ஒண்ணுமில்ல.

ஹேதி: மக பிரசவத்துக்குன்னு போனவ. பேரன் இப்ப ஓடறானாம். வந்துடுவா.

மப்ரூக்: நம்ம ஸ்ஃபாக்ஸ் ஊர் வெயில் தணியட்டும்னு இருப்பா.

ஹேதி: போன வருஷமும் இதைத்தான் சொன்ன. சரி, மீன் பொரிச்சிருக்கேன். ஹரிசா மிளகாய் விழுது தூக்கலா...

மப்ரூக்: வேணாம் மச்சான். வீட்ல முனீரா சமைச்சு வச்சிருப்பா.

ஹேதி: ரெண்டு துண்டு தின்னா முனீரா அடிச்சுருவாளா?

மப்ரூக்: இருங்க... டிஎன்எஸ் சர்வர் பழுதாகலையே.

ஹேதி: கரண்ட் போச்சுடா, நடுவுல.

மப்ரூக்: கரண்ட் போனா, வந்ததும் தானா எழுந்துக்கும். அப்படித்தான் வச்சுட்டுப் போனேன். இதை யாரோ கையால நிறுத்தியிருக்காங்க.

ஹேதி: ...எங்கயாவது கை பட்டிருக்கும்.

மப்ரூக்: நான் எழுதி வச்ச பேரெல்லாம்கூட அழிஞ்சிருக்கு. அதுவும் கை பட்டுத்தானா?

ஹேதி: மீனை எடுத்துட்டு வரேன்.

மப்ரூக்: உட்காருங்க மச்சான்.

ஹேதி: ஆறிடும்டா...

மப்ரூக்: உட்காருங்க. அக்கா... அக்கா வரப்போறதில்ல. எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான், வாராவாரம் வந்து இதை நோண்டிட்டு இருந்தேன்.

ஹேதி: தெரியும்.

மப்ரூக்: என்ன தெரியும்?

ஹேதி: நோன்புக்கு முன்னாடியே போன் பண்ணி எங்கிட்டயும் சொல்லிட்டா. அழாமத்தான் சொன்னா.

மப்ரூக்: அப்புறம் யாருக்கு மச்சான் இந்த சர்வர்? எதுக்கு வாராவாரம் நிறுத்தி வைக்கிறீங்க?

ஹேதி: ...அது ஓடிட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு வருவ?