அம்பிக்கு ஆறு துண்டு

பூனைக்குத் தயிர்சாதம் போதாது என்பது ஐம்பத்தேழு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தத் தாளுக்கே வேலை இருந்திருக்காது. வாக்குமூலத்தை ஹிந்தியில் சொல்லச் சொன்னார் உங்கள் இன்ஸ்பெக்டர். முப்பத்துநாலு வருஷம் சர்க்காருக்காக இங்கிலீஷில் நோட் எழுதிய வேதாந்தம் நான், இதையாவது தமிழில் எழுதிக்கொள்கிறேனே என்று கேட்டேன். பெரிய மனதோடு சரி என்றார்.

அம்பி என் மனைவி விசாலாக்ஷி வளர்த்த பூனை. அவள் போனபிறகு டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நானும் அதுவும்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பூட்டைத் திறந்தால் ஓடிவந்து காலில் உரசும். அதற்காகவே சீக்கிரம் வீடு திரும்புவேன். போன வருஷம், தொண்ணூற்றாறு மழைக்காலத்தில், அது சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மாமிசம் இல்லாவிட்டால் கண் அடியோடு போய்விடும் என்றார் மிருக டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கான் மார்க்கெட்டில் வெளிநாட்டு டின் உணவு கிடைத்தது. விலை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. மலிவாகவும் சத்தாகவும் வேண்டுமென்றால் சின்ன மீனை வேகவைத்துக் கொடுங்கள், வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாதிச் சத்து அதில்தான் என்றார் டாக்டர். ஆனால் எங்கள் சமையலறையில் முட்டைகூட உடைந்ததில்லை. ஆகவே பாத்திரம் துலக்கும் பாப்பம்மாளிடம் பொறுப்பை விட்டேன். ஜங்புரா மதராசி கேம்ப்பில் தன் குடிசையிலேயே வேகவைத்து, ஆறு துண்டு, காலை எட்டு மணிக்கு டப்பாவில் கொண்டுவருவாள். பின்பக்க பால்கனியில் அவளே அம்பிக்குப் போட்டு, அவளே கழுவிவிடுவாள். கூடவே டாக்டர் கொடுத்த சத்துப்பொடியைப் பொட்டலமாக மடித்து முதல்நாளே அவள் கையில் கொடுத்துவிடுவேன். மீனோடு அதைப் போட்டு வேகவைக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மீன் வெந்த தண்ணீர் என்று வாயால் சொல்லவே எனக்குக் கூசியது.

மூன்று மாதம் ஆயிற்று. அம்பியின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. பாப்பம்மாளோடு வரும் அவள் பெண் கவிதாவுக்கு ஆறு வயது. முதலில் பூஞ்சையாக, சோகை பிடித்து இருந்தவள். டிசம்பரில் பார்த்தால் கன்னம் உப்பியிருந்தது. அம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒன்று இளைக்கிறது, ஒன்று தேறுகிறது. எந்த மனுஷனுக்கும் சந்தேகம் வரும்.

ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"பாப்பம்மா, மீன் முழுசா வரதோன்னோ?"

"ஒரு துண்டு கொறையாது சாமி. எம்பொண்ணு மேல சத்தியம்."

பெண் மேல் சத்தியம் செய்ததுதான் எனக்குச் சந்தேகத்தை ஊர்ஜிதப்படுத்தியது.

ஜனவரி எட்டாம் தேதிக்குக் காஷுவல் லீவு எழுதிக் கொடுத்தேன். ஏழாம் தேதி பொட்டலத்தில் சத்துப்பொடிக்குப் பதில் எலி மருந்து வைத்தேன். திருடாதவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பது என் நியாயம். பெரியவர்களுக்கு வாந்தி மட்டும் வரும் அளவு என்று முதலில் எழுத நினைத்தேன். அது சரியில்லை. யாருடைய கன்னத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்ததோ, அவளை மனதில் வைத்துத்தான் மடித்தேன். ஆபீஸ் பழைய சர்க்குலரில் மடித்தது என் அஜாக்கிரதை. நீங்கள் என் வீட்டுக்கு வந்ததே அந்தக் காகிதத்தால்தான்.

எட்டாம் தேதி அம்பியைப் படுக்கையறையில் அடைத்துப் பால் வைத்தேன். பாப்பம்மாள் தனியாக வந்தாள்.

"கவிதா எங்கே?"

"வயித்த வலின்னு சுருண்டு படுத்திருக்கா சாமி. ஜல்தி முடிச்சிட்டு ஓடணும்."

"அம்பி தூங்கறது. டப்பாவை வெச்சுட்டுப் பாத்திரத்தைப் பாரு."

அவள் உள்ளே போனதும், மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதல்முறையாக டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஆறு துண்டு. விரலால் தள்ளித் தள்ளி இரண்டுதரம் எண்ணினேன். நம் வீட்டில் வேலை செய்கிறவள் யோக்கியமானவள் என்று தெரிந்ததில் மனதுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன்: டப்பா உலர்ந்திருந்தது. தினமும் உலர்ந்துதான் வந்திருக்கும். வீணாகக் கொட்டுவானேன் என்று அந்தத் தண்ணீரை அவள் பெண்ணுக்கு ஊற்றியிருக்கிறாள். அந்தக் கன்னம் அப்படி வந்த கன்னம்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆட்டோ பிடித்தால் ஜங்புராவுக்குப் பத்து நிமிஷம். ஆனால் மீனைத் தொட்ட கை. வாளியில் இம்மர்ஷன் ராடைப் போட்டேன். ஜனவரிக் குளிரில் தண்ணீர் சுட அரைமணி ஆகிறது. குளித்து, மடிவேஷ்டி கட்டி, ஜபத்துக்கு உட்கார்ந்தேன். பாப்பம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று, "வரேன் சாமி," என்றாள். ஜபத்தின் நடுவில் நான் பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

குழந்தை மத்தியானம் போய்விட்டதாகப் பக்கத்து பிளாக் சுந்தரேஷ் வந்து சொன்னார்.

மறுவாரம் அம்பியை டாக்டரிடம் காட்டினேன். வயிற்றில் பூச்சி என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். இப்போது நன்றாகத் தேறிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். மருந்தை நான்தான் வைத்தேன். கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எத்தனை நாள் வைத்திருப்பீர்களோ தெரியாது. அம்பிக்கு எட்டு மணிக்குப் பசிக்கும். யாரையாவது விட்டு ஆறு துண்டு வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை வேறு யாரும் எடுத்துக்கொண்டுவிடாமல் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.