வெள்ளிக்கிழமை கழுவிய பஞ்சு

ரூஜ் ஆற்றுப் பக்கம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"மீனே இல்லாத தொட்டிக்கு இவர் ஒவ்வொரு நாளும் மீன் சாப்பாடு போடுறார், அக்கா."

"ஆர் தின்னுறதுக்கு?"

"கிருமி. பில்டருக்குள்ள முதல்ல நல்ல கிருமி வளரவேணுமாம். அதுதான் தண்ணியைச் சுத்தமாக்குமாம். பிறகுதானாம் மீன்."

"சரி, வளர்ந்துதோ?"

"வளர்ந்தது. பில்டர் பஞ்செல்லாம் மண்ணிறம். நான் வெள்ளிக்கிழமை வீடு கழுவேக்க, ஊத்தையெண்டு அதையும் எடுத்து, சோப் போட்டுச் சுடுதண்ணியில கழுவிப்போட்டன்."

"ஐயோ, எல்லாம் செத்துப்போச்சுதோ?"

"ஓம். இவர் தொட்டிக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்திட்டார். சாப்பிடவும் வரேல்லை."

மூத்தவள் கைப்பையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அப்ப செத்த கிருமிக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு எப்ப?"

"வாற வெள்ளி புதுக் கிருமி விடுறாராம். என்னைத் தொட்டிப் பக்கமே வரவேண்டாமாம். இனி வெள்ளிக்கிழமையில வீட்டையும் தானே கழுவுறாராம்."

மூத்தவளின் சிரிப்பு சட்டென நின்றது.

"எங்கட வீட்டுக்கும் ஒரு தொட்டி வாங்கவேணும். எங்க வாங்கினவர்?"