மிஞ்சிய அரைக் கிலோ இறால்

"ஹலோ… ஹலோ, வச்சிராதீங்க. ஸ்பிரிங்வெளி தோட்டத்துல இருந்து நல்லம்மா பேசுறேன்… ஆமா, ஆமா, ஜீவனோட அம்மா… சரி, சம்பந்தின்னு கூப்பிடல. அக்கான்னு கூப்பிடுறேன். வச்சிராதீங்க."

நல்லம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கட்டுநாயக்கவில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன மகன், உடப்புக் கடற்கரையிலிருந்து அங்கே வந்த நிரஞ்சலாவை அவள் வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷமாகிறது. பெற்றவள் இன்றுவரை மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நல்லம்மா அந்தப் பெற்றவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் மருமகள் உள் காம்பராவில் தூங்கும் நேரம் பார்த்து.

"சண்டைக்கு இல்லக்கா. இறால் எப்படி ஆக்குறதுன்னு கேக்கத்தான்… ஆமா, இறால்… எனக்கு இல்ல, புள்ளைக்கு. முழுகாம இருக்கா… மூணு மாசம்… நீங்க பேச்சையே விட்டுட்டீங்க, யாரு வந்து சொல்லுவா?… நாலு நாளா பச்சத் தண்ணி கூடத் தங்கல. நெறை கொறஞ்சிருச்சின்னு மிட்வைஃப் அம்மா ஏசிட்டுப் போறாங்க. என்னடி வேணும்னா, எங்கம்மா ஆக்குற இறாலுங்கிறா… அக்கா? இருக்கீங்களா?"

லைனில்தான் இருந்தாள். நல்லம்மா இறால் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஜீவன் டவுன்ல ஒரு கிலோ வாங்கிட்டு வந்தான். அதுல அரைக் கிலோ… கெடுத்துட்டேன். எங்களுக்கு இறாலுன்னா காஞ்ச பொடிக் கூனிதானே. அதே மாதிரி மண்ணு போகட்டும்னு சுடுதண்ணியில ஊறப் போட்டேன்… ஆமா, சுடுதண்ணி… பொறகு அரை மணி நேரம் வேக வச்சேன்… செருப்பு மாதிரி ஆயிருச்சு… ஏசுங்க. மிச்சத்துக்கு வழி சொல்லிட்டு நல்லா ஏசுங்க."

அந்த அம்மா முதலில் ஏசித்தான் தீர்த்தாள். நல்லம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கண் என்னவோ காம்பரா வாசலிலேயே இருந்தது.

"முதுகு நரம்பு… எடுத்துட்டேன். தலையக் கிள்ளக் கூடாதா?… உறிஞ்சித் திம்பாளா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே… சரி, சரி, மஞ்சள், உப்பு, தூள் போட்டுப் பெரட்டிட்டேன்… வெங்காயம் வதங்கிருச்சி. கொட்டவா?… தண்ணி ஒரு சொட்டு ஊத்தலக்கா, சத்தியமா… செவக்குது, சுருளுது… மூடல… இப்பத் தேங்காப்பால்… அதுக்குள்ள எறக்கவா? அஞ்சு நிமிஷம் கூட ஆகலையே… சரி, எறக்கிட்டேன். எறக்கிட்டேன்."

காம்பராவிலிருந்து நிரஞ்சலா எழுந்து வந்தாள். அடுப்படி வாசனை பட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள், இன்று வாசலில் அப்படியே நின்றாள். நின்று மாமியாரிடம் ஒன்று கேட்டாள்.

"அக்கா… உங்க மக எழும்பி வந்துட்டா… இல்லக்கா, நீங்கதான்னு நான் வாயே தெறக்கல. வாசனைய வச்சு, அம்மா வந்திருக்காங்களான்னு கேக்குறா… நான் என்ன சொல்லட்டும்?"

நல்லம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ம்… ம்… அழாதீங்க… சரிக்கா. பதுளை ஸ்டேண்டுல ஜீவன் வந்து நிப்பான். காலையில எந்த பஸ்ஸுன்னு மட்டும்… ஹலோ?"

லைன் போய்விட்டது. நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

"இன்னும் வரல, தாயி. நாளைக்கு வாறாங்க. நீ உக்காந்து சாப்பிடு."