பூசணிக்காய்க்குப் பெல்ட்

மலேசியாவில், ஈப்போ மார்க்கெட் எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு இளம்பெண் தன்னோடு வந்த அக்காவிடம் சொன்னாள்:

"பூசணிக்காய்க்கு பெல்ட் போட்டுப் பாத்தோம்க்கா."

"என்னாது?"

"லண்டன்ல நர்ஸா இருக்கிற தங்கச்சி, எம்பிள்ளைக்கு பெல்ட் போட்டு உக்கார வைக்கிற கார் சீட் ஒண்ணு அனுப்பினா. இவரு, 'என் மடிய விடவா அது பத்திரம்?'னு ஒரே சண்டை. வீட்டுல புது காருக்குத் திருஷ்டி சுத்த ஒரு பூசணி, சாம்பாருக்கு ஒண்ணு இருந்துச்சு. ஒண்ண அந்த சீட்டுல கட்டினேன். இன்னொண்ணு முன்னால இவரு மடியில. எங்கண்ணன்தான் ஓட்டினாரு. எஸ்டேட் ரோட்டுல அடிச்சாரு பாருங்க ஒரு பிரேக்கு!"

"ஐயோ!"

"சீட்டுல கட்டினது அசையவே இல்ல. இவரு ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தது டேஷ்போர்டுல மோதி பொளந்துருச்சு. முகமெல்லாம் விதை லா!"

அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அதற்குள் அவள் கணவர் காரோடு வந்து நின்றார். பின்னால் அந்த சீட்டில், வாருக்குள் குழந்தை கொட்டாவி விட்டது.

அவள் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னாள்:

"கொஞ்ச தூரம்தானேங்க, பிள்ளைய மடியில வச்சுக்கவா?"

"அடி போடி, மடியிலயா! எம்புள்ள என்ன பூசணிக்காயா?"